பெரம்பலூருக்கு ரயில் வரலை... கேசினோ வந்துடுச்சு! - கதவே இல்லாத சூதாட்டக் கடையின் கணக்கு

பெரம்பலூர் டவுனுக்கு இன்னும் ரயில் வரவில்லை. ரயில் ஏறணும்னா அரியலூர் போகணும், இல்லைன்னா திருச்சி. ஆனால், ரயில் வராத ஊருக்கு கேசினோ வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. போர்டு இல்லை, கலர் லைட் இல்லை, வாசலில் செக்யூரிட்டி இல்லை. மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டும் ஆடலாம். அரியலூர் சிமென்ட் ஆலை கேட்டில் லோடு ஏற்ற லாரியோடு காத்திருக்கும்போதும் ஆடலாம். கையில் போன், அதில் யு.பி.ஐ இருந்தால் போதும்.

'நான் கேசினோ எல்லாம் போனதே இல்லை பாஸ்' என்பவர்களும் 'கலர் பிரெடிக்‌ஷன்', 'ஏவியேட்டர்', 'தீன் பத்தி', 'லைவ் ரூலெட்' என்று ஏதோ ஒரு லிங்க்கை டெலிகிராமில் பார்த்திருப்பார்கள். பெயர்தான் வேறு வேறு. உள்ளே ஓடும் கணக்கு கேசினோ கணக்குதான். அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது, அதனால் ஒரு ஊருக்கும் வீட்டுக்கும் என்ன ஆகிறது, சட்டம் என்ன சொல்கிறது, மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்போம்.

கேசினோ எங்கெல்லாம் இருக்கு?

இந்தியாவில் சட்டப்படி கேசினோ நடப்பது கோவா, சிக்கிம் மாநிலங்களில்தான். கோவாவில் 1976-ல் வந்த சூதாட்டத் தடைச் சட்டத்தில் 1992-ல் திருத்தம் செய்து, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் மெஷின் ஆட்டங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கப்பல்களுக்கும் அனுமதி வந்தது. பனாஜியில் மாண்டோவி ஆற்றில் இரவு முழுக்க மின்னிக்கொண்டு நிற்கும் கப்பல்கள் அவைதான்.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. ஆனால், தமிழர்கள் வேலைக்கும் டூருக்கும் போகும் ஊர்களில் இருக்கிறது. மலேசியாவின் கெந்திங் மலையில் 1971 முதல் நடக்கிறது. சிங்கப்பூரில் மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா இரண்டும் 2010-ல் திறக்கப்பட்டன. கொழும்பில் ஏற்கெனவே பல இருக்க, 2025 ஆகஸ்ட்டில் 'சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற பிரமாண்ட வளாகமும் சேர்ந்துகொண்டது.

'ஹவுஸ்' எப்படி ஜெயிக்குது?

கேசினோக்காரர் ஏமாற்றித்தான் சம்பாதிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மையாக நடத்தினாலே போதும், லாபம் உறுதி. காரணம், 'ஹவுஸ் எட்ஜ்' என்று சொல்லப்படும் சின்ன இடைவெளி.

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய சக்கரத்தில் 0 முதல் 36 வரை மொத்தம் 37 குழிகள். ஒரு எண்ணில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால், உங்கள் 100-ஐயும் சேர்த்து 3,600 ரூபாய் கைக்கு வரும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 37 எண்களிலும் தலா 100 கட்டினால் செலவு 3,700. எது விழுந்தாலும் வருவது 3,600. அந்த 100 ரூபாய்தான் கடைக்காரர் பங்கு. 2.7 சதவிகிதம். அமெரிக்க சக்கரத்தில் இன்னொரு பூஜ்யம் கூடுதல். அதனால் அங்கே 5.26 சதவிகிதம்.

நம்ம ஊர் ஆட்டத்துக்கே வருவோம். 'உள்ளே வெளியே' தெரியாதவர்கள் உண்டா? மங்காத்தா என்றும் சொல்வோம். ஒரு சீட்டைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மாற்றி மாற்றிப் போட வேண்டும். அதே எண் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவருக்குக் காசு. கோவா கேசினோக்களில் இதற்குப் பெயர் 'அந்தர் பஹார்'.

இதில் முதல் சீட்டு விழும் பக்கம் ஜெயிக்க 51.5 சதவிகித வாய்ப்பு இருக்கிறது. 'அப்போ அந்தப் பக்கமே கட்டிட்டா?' என்று நீங்கள் கேட்பீர்கள் என்பது கேசினோவுக்குத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் ஜெயித்தால் 100 ரூபாய்க்கு 90 ரூபாய்தான் லாபமாகத் தருகிறார்கள். கணக்குப் போட்டால் அந்தப் பக்கம் சுமார் 2 சதவிகிதமும், மறுபக்கம் சுமார் 3 சதவிகிதமும் ஹவுஸுக்கு. எந்தப் பக்கம் போனாலும் சுங்கச்சாவடி உண்டு.

மரத்தடியில் நாலு பேர் ஆடினால், ஒருவர் விட்ட காசு இன்னொருவர் பாக்கெட்டுக்குப் போகும். அதுவும் குற்றம்தான், அதிலும் குடும்பங்கள் கெட்டிருக்கின்றன. ஆனால் காசு ஊருக்குள்ளே சுற்றும். கேசினோவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டு வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

'95% திரும்பக் கிடைக்கும்'னு போட்டிருக்கே?

ஆன்லைன் ஸ்லாட் ஆட்டங்களில் 'ஆர்.டி.பி 95%' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். 1,000 ரூபாய் போட்டால் 950 ரூபாய் பத்திரம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 95 சதவிகிதம் என்பது ஒவ்வொரு முறை பந்தயம் கட்டும்போதும்.

1,000 ரூபாயையும் முழுசாக ஒரு ரவுண்டு ஆடினால் சராசரியாக மிஞ்சுவது 950. அதையே திரும்ப ஆடினால் 902. இப்படி 10 ரவுண்டு முடிந்தால் 599. 20 ரவுண்டில் 358. நடுவில் ஒருநாள் 5,000 விழலாம். அதன் ஸ்கிரீன்ஷாட்தான் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும். மீதி நாள்களின் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் போடுவதில்லை.

அடுத்தது வேகம். ஒரு ஸ்பின்னுக்கு 10 ரூபாய், நிமிடத்துக்கு 10 ஸ்பின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 600 ஸ்பின், 6,000 ரூபாய் பந்தயம். 5 சதவிகிதம் ஹவுஸுக்கு என்றால் 300 ரூபாய். 100 நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த ஒருநாள் கூலி 336 ரூபாய். அம்மா வெயிலில் நின்று சம்பாதிக்கும் ஒருநாள் கூலி கிட்டத்தட்ட முழுவதும், மகன் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் கரைகிறது. வெறும் '10 ரூபாய் ஆட்டத்தில்'.

'வெல்கம் போனஸ் 1,000 ரூபாய்' கணக்கும் இப்படித்தான். அதை எடுக்க வேண்டுமென்றால் 30 மடங்கு ஆட வேண்டும் என்பது போன்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். 30,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டினால் 5 சதவிகிதம் என்பது 1,500 ரூபாய். 1,000 கொடுத்து 1,500 எடுக்கும் வித்தை!

ரம்மியில திறமை இருந்தா ஜெயிக்கலாமே?

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பணம் வைத்து ஆடும் ஆப்பில் கம்பெனிக்கு என்று ஒரு கமிஷன் இருக்கும்.

ஒரு உதாரணம். ஆறு நண்பர்கள் தலா 1,000 ரூபாயோடு உட்கார்கிறார்கள். ஆட்டத்துக்குத் தலா 100 ரூபாய், மொத்தம் 600. அதில் கம்பெனி கமிஷன் 10 சதவிகிதம், அதாவது 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேரும் சமமான திறமைசாலிகள், மாறி மாறி ஜெயிக்கிறார்கள். இந்தக் கணக்கில் 100 ஆட்டங்களில் கம்பெனிக்குப் போவது 6,000 ரூபாய். அதாவது ஆறு பேரும் கொண்டுவந்த மொத்தப் பணமும். ஜெயித்தவர், தோற்றவர் என்று அங்கே யாரும் இல்லை. கம்பெனி மட்டும் இருக்கும்.

தெரிஞ்சும் ஏன் விட முடியலை?

1913 ஆகஸ்ட் 18. மான்டி கார்லோ கேசினோ ரூலெட்டில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. 'இத்தனை தடவை கறுப்பு வந்தாச்சு, அடுத்தது சிவப்புதான்' என்று மக்கள் லட்சக்கணக்கில் கட்டிக்கொண்டே போய் இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபக சக்தி கிடையாது. முந்தைய சுற்றில் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. கலர் பிரெடிக்‌ஷன் குரூப்பில் 'பேட்டர்ன்' சொல்லித்தருகிறவர் விற்பதும் அதே ஏமாற்றத்தைத்தான்.

இன்னொன்று, 'ஜஸ்ட் மிஸ்'. மூன்று ஏழு விழ வேண்டிய இடத்தில் இரண்டு ஏழு விழுந்து, மூன்றாவது நூலிழையில் தவறும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஜெயிக்கும்போது தூண்டப்படும் பகுதிகள், நூலிழையில் தோற்கும்போதும் தூண்டப்பட்டன. பையில் காசு குறைகிறது, மூளையோ 'கிட்டத்தட்ட வந்துட்டோம்' என்கிறது.

அதனால்தான் மருத்துவ உலகம் இதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடு, சூதாட்ட நோயை மது, போதை அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. 2024-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு இன்னும் கவலை தருகிறது. ஆன்லைன் கேசினோ, ஸ்லாட் ஆடும் பெரியவர்களில் 15.8 சதவிகிதம் பேருக்கும், வளரிளம் பருவத்தினரில் 26.4 சதவிகிதம் பேருக்கும் சூதாட்ட நோய் இருக்கலாம் என்கிறது அது. ஆடும் நான்கு பதின்ம வயதினரில் ஒருவர்!

சொந்த மக்களை ஏன் உள்ளே விடலை?

இப்போது முக்கியமான விஷயம். கேசினோவால் வருமானம் பார்க்கும் அரசாங்கங்கள், சொந்த மக்களை எப்படி நடத்துகின்றன என்று பாருங்கள்.

- கோவா: 2020 பிப்ரவரி முதல் கோவாவாசிகள் ஆடுவதற்காகக் கேசினோவுக்குள் போகத் தடை.

- நேபாளம்: கேசினோ உண்டு. நேபாளக் குடிமக்களுக்கு அனுமதி இல்லை.

- சிங்கப்பூர்: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டினால்தான் உள்ளே போகலாம். 2019 வரை இது 100 வெள்ளி. ஒருவரை உள்ளே விடாதீர்கள் என்று அவருடைய குடும்பமே விண்ணப்பித்துத் தடை வாங்கலாம்.

- தென் கொரியா: நாட்டில் பல கேசினோக்கள் இருந்தாலும், கொரியர்கள் ஆட அனுமதி ஒரே ஒரு இடத்தில்தான். கங்வோன் லேண்ட். அதிலும் மாதத்துக்கு 15 நாள்கள்தான் உச்சவரம்பு.

கங்வோன் லேண்ட் கதை, சுரங்கங்கள் நிறைந்த அரியலூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அது நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த மலைப்பகுதி. சுரங்கங்கள் மூடப்பட்டதும் வேலை போனது. ஊரைத் தூக்கி நிறுத்த 2000-ல் கேசினோ திறந்தார்கள். வேலை வந்தது, வரி வந்தது. கூடவே தெரு முழுக்க அடகுக் கடைகளும் வந்தன. வண்டியை அடகு வைத்துவிட்டு ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியும் 1978-ல் கேசினோவை நம்பி எழுந்த ஊர். 2014 என்ற ஒரே ஆண்டில் அங்கே நான்கு கேசினோக்கள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

நம்ம ஊருக்கு இதில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. சிங்கப்பூரில் அந்த 150 வெள்ளி கட்டணம் வெளிநாட்டவருக்குக் கிடையாது. அரியலூர், பெரம்பலூர் பக்கமிருந்து பெர்மிட்டில் போய், கட்டுமான வேலையில் வெயில் தின்னும் நம்ம அண்ணன்களுக்கு 21 வயது ஆகியிருந்தால் கதவு இலவசம். ஆனால், 'என்னை உள்ளே விடாதீங்க' என்று தாமாகவே தடை வாங்கிக்கொள்ளும் வசதி பெர்மிட்டில் இருப்பவர்களுக்கும் அங்கே உண்டு. அதுவும் இலவசம்தான். சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது ஃபார்வேர்டு பண்ணுங்க.

நிஜ கேசினோவுக்கு ஒரு கதவாவது இருக்கிறது. வயது கேட்கிறார்கள், கட்டணம் கேட்கிறார்கள், தடைப் பட்டியல் பார்க்கிறார்கள். போன் கேசினோவுக்குக் கதவே இல்லை. நடத்துபவர் கரீபியன் கடலின் குராசோ தீவில் லைசென்ஸ் வாங்கியிருப்பார். இங்கே வேலையும் தரமாட்டார், வரியும் கட்டமாட்டார். சின்ன வெங்காயம் விற்ற காசு போகும், திரும்ப ஒன்றும் வராது.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. அப்புறமும் 'மூணு நம்பர் லாட்டரி' துண்டுச்சீட்டில் ஓடி, இப்போது வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டது. 000 முதல் 999 வரை 1,000 வாய்ப்புகள். கட்டிய காசைப் போல 1,000 மடங்கு கொடுத்தால்தான் அது சமமான ஆட்டம். அப்படி யாரும் கொடுப்பதில்லை.

ஆன்லைன் ஆட்டங்களின் சட்டக் கதை நீளமானது. சுருக்கமாக:

- 2020 நவம்பர்: தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம். பிறகு சட்டமாகி, 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து.

- 2022: நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு புதிய மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

- 2023 நவம்பர்: சட்டம் செல்லும், ஆனால் ரம்மி, போக்கரை அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்தது செல்லாது என்றது உயர் நீதிமன்றம்.

- 2025 தொடக்கம்: பண ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என விதிமுறைகள். ஜூனில் உயர் நீதிமன்றமும் ஏற்றது.

- 2025 ஆகஸ்ட்: பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. நடத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

மத்திய சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. ஆனால், தமிழ்நாடு சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

காலேஜ் மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. 'உன் பேங்க் அக்கவுன்ட்டையும் சிம்மையும் கொடு, மாசாமாசம் காசு தர்றோம்' என்று யாராவது கேட்டால் ஓடிவிடுங்கள். தடை செய்யப்பட்ட ஆப்கள் பணத்தைச் சுற்றவிட இப்படி வாடகை அக்கவுன்ட்டுகளைத் தேடுகின்றன. போலீஸ் விசாரணை என்று வந்தால் முதலில் கதவைத் தட்டுவது அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான்.

ஒரு வீட்டுக்குள்ள என்ன நடக்குது?

ஆஸ்திரேலியாவில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, தீவிரமாகச் சூதாடும் ஒருவரால் சராசரியாக ஆறு பேர் பாதிக்கப்படுகிறார்கள். நம்ம ஊர்க் கணக்கில் அந்த ஆறு பேரை விரல்விட்டு எண்ணிவிடலாம். பீரோவில் வைத்த தோடு காணாமல் போன அம்மா. மகளிர் குழுக் கடனை ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டு வாராவாரம் தவணைக்கு அலையும் மனைவி. ஃபீஸ் கட்டாத பிள்ளை. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சான். ஏலச்சீட்டுப் பணம் நின்றுபோன பக்கத்து வீட்டு அக்கா. கைமாத்து கொடுத்த நண்பன்.

முதலில் சம்பளம், அப்புறம் கைமாத்து, பிறகு நகைக்கடன், லோன் ஆப், கடைசியில் வட்டிக்காரர். இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் 'விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திடுறேன்' என்ற ஒரே வாக்கியம்தான் வரும். விட்டதைப் பிடிக்க ஆடும் ஆட்டத்துக்கும் அதே ஹவுஸ் எட்ஜ்தான் என்பது அப்போது நினைவில் இருக்காது.

திருக்குறளில் 94-வது அதிகாரமே 'சூது'தான். அதில் வள்ளுவர் எச்சரிப்பது தோல்வியைப் பற்றி மட்டுமில்லை. சூதில் கிடைக்கும் வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். முதல் வாரம் விழுந்த 5,000 ரூபாய் ஞாபகம் வருதா?

மாட்டிக்கிட்டேன்... வெளியே வர்றது எப்படி?

ஆடுபவருக்கு:

- ஒருவரிடமாவது முழுத் தொகையைச் சொல்லுங்கள். பாதிக் கடனை மட்டும் சொன்னால், மறைத்த மீதியை அடைக்கவே மறுபடி ஆட வேண்டியிருக்கும்.

- பேங்க் ஆப்பில் யு.பி.ஐ தினசரி வரம்பைக் குறையுங்கள். சம்பள அக்கவுன்ட்டைச் சில மாதம் வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

- ஆப்பை நீக்குவதோடு டெலிகிராம், வாட்ஸ்அப் குரூப்களில் இருந்தும் வெளியேறுங்கள். திரும்ப இழுப்பது அந்தக் குரூப்தான்.

- விட்ட பணத்தை 'போனது போனது' என்று எழுதி மூடுங்கள். கடனை அடைக்கச் சம்பளம்தான் வழி, ஆட்டம் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு:

- திட்டித் தீர்ப்பதால் நோய் போகாது. ஆனால், ரகசியமாக நகையை விற்றுக் கடனை அடைத்துக்கொண்டே இருப்பதும் உதவி ஆகாது. அடைப்பதென்றால் கடன்காரரிடம் நேரடியாகக் கொடுங்கள், ஆடுபவர் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள்.

- இரவு முழுக்க போன், காரணம் சொல்லாத கடன், பொருள்கள் காணாமல் போவது, பேலன்ஸ் கேட்டால் எரிச்சல்... இவை சேர்ந்து வந்தால் உட்கார்ந்து பேசுங்கள்.

- 'செத்துடலாம் போலிருக்கு' என்ற பேச்சு வந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று அவரைத் தனியாக விடாதீர்கள்.

உதவி எண்கள் எல்லாமே இலவசம். டெலிமானஸ் மனநல உதவி 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. ஆன்லைன் பண மோசடி என்றால் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. நேரில் பார்க்க வேண்டுமென்றால் பெரம்பலூர் அரசு மருத்துவமனை, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். காய்ச்சலுக்குப் போகும் அதே ஆஸ்பத்திரிதான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கோவாக்காரரைக் கோவா உள்ளே விடவில்லை. நேபாளியை நேபாளம் உள்ளே விடவில்லை. நம்ம போனில் இருக்கும் கேசினோவுக்கு வாசலில் யாரும் நிற்கவில்லை. அதனால் அந்த வாசலில் நாமேதான் நிற்க வேண்டும். இன்றைக்கு ராத்திரி அந்த டெலிகிராம் லிங்க் மறுபடி வரும். வந்தால், குரூப்பை விட்டு வெளியேற ஒரு நொடிதான் ஆகும்.